கடற்கரையில் அளவெடுக்கப் போகிறவர்களுக்கு: பதிவேட்டில் எத்தனை இலக்கம் எழுதுவது?

மண்டபம், பாம்பன், தொண்டி, வாலிநோக்கம் பக்கம் கடற்பாசி, நண்டு, உப்பு, கடல்நீர் என்று ஏதாவது ஒன்றை அளந்து பதிவேட்டில் எழுதும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். களப்பணிக்குச் சேர்ந்தவர், கல்லூரி புராஜெக்ட்டுக்காக வந்தவர், மகளிர் குழுவின் பாசிக் கணக்கை எழுதுபவர், யாராக இருந்தாலும் சரி. படகில் ஏறுவது, கயிறு கட்டுவது எல்லாம் கூட வருகிறவர்கள் சொல்லித் தருவார்கள். எழுதும் எண்ணில் எத்தனை இலக்கம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. நான் அதைப் பள்ளிப் புத்தகத்திலிருந்தும், தராசின் தகட்டிலிருந்தும், திரும்பி வந்த தாள்களிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

பதினோராம் வகுப்பு இயற்பியலின் முதல் பாடத்திலேயே முக்கிய எண்ணுருக்கள் வந்துவிடுகின்றன. ஓர் அளவீட்டில் உறுதியாகத் தெரிந்த இலக்கங்கள், அவற்றோடு கடைசியில் உத்தேசமாகத் தெரிந்த ஓர் இலக்கம், இவ்வளவுதான் அந்த எண்ணுருக்கள். தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். கடற்கரையில் அது தினசரி வேலை.

1. கருவியைக் கையில் வாங்கியதும் அதன் மீச்சிற்றளவைக் குறித்துக்கொள்ளுங்கள்

அளவெடுக்கும் முன்பே செய்ய வேண்டியது இது. அந்தக் கருவி காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு எது என்று பாருங்கள். கையடக்க உப்புத்தன்மைமானியில், அதாவது ரிஃப்ராக்டோமீட்டரில், பெரும்பாலும் ஆயிரத்துக்கு 1 என்ற கோடுதான் இருக்கும். சாதாரணக் கண்ணாடி வெப்பமானியில் 1 டிகிரி. உலோக வெர்னியரில் 0.02 மில்லிமீட்டர், பள்ளிக்கூட வெர்னியரில் 0.1 மில்லிமீட்டர். உப்பளத்தில் உப்புநீரின் அடர்த்தியை டிகிரியில் பார்க்கும் போமே மானியில் 1 டிகிரிக் கோடுகள்.

மின்னணுத் தராசில் ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதில் அதிகபட்ச எடை, குறைந்தபட்ச எடை, அதோடு ‘ஈ’ (e) என்ற சிறிய ஆங்கில எழுத்தும் அதற்கு எதிரே ஒரு கிராம் அளவும் இருக்கும். தராசைச் சரிபார்க்கும்போது அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் படி அளவான அந்த ‘ஈ’ மதிப்புதான் உங்களுக்கு முக்கியம். பாசி நிறுக்கும் ஒரு 60 கிலோ தராசில் ‘ஈ’ 10 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இது போன்ற மூன்றாம் தர வகைத் தராசுக்குக் குறைந்தபட்ச எடை என்பது ‘ஈ’யைப் போல 20 மடங்கு, அதாவது 200 கிராம். அதற்குக் கீழே உள்ள எதையும் அந்தத் தராசில் நிறுத்து எழுதாதீர்கள். ஒரு பாசித் துண்டை வைத்தாலும் திரையில் எண் வரத்தான் செய்யும். அதை நம்ப முடியாது என்பதுதான் விஷயம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். திரையில் 25.34 கிலோ என்று காட்டினால் கடைசி 4 கல்லில் பொறித்தது மாதிரி தோன்றும். இந்த வகைத் தராசில் 2000 ‘ஈ’க்கு மேல், நம் உதாரணத்தில் 20 கிலோவுக்கு மேல், அரசின் எடையளவுப் பிரிவு சோதித்து முத்திரை வைக்கும்போது ஒன்றரை ‘ஈ’ வரை பிழை அனுமதிக்கப்படுகிறது. புழக்கத்தில் இருக்கும்போது அதுவே இரண்டு மடங்கு. ஆக, முத்திரை சரியாக உள்ள நல்ல தராசே 30 கிராம் முன்னே பின்னே காட்டலாம். அதனால் 25.34 என்று எழுதுங்கள், அதுதான் முறை. ஆனால் அந்த 4ஐ வைத்துக்கொண்டு பாசி வளர்க்கும் பக்கத்து மூங்கில் தெப்பத்தைவிட இதில் 10 கிராம் கூடுதல் என்று வாதம் செய்யாதீர்கள்.

2. காகிதம், காசு, நாள்: முதல் வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள்

மூன்று காகிதங்கள் வேண்டும். முதலாவது, தராசின் முத்திரைச் சான்று. வியாபாரத்துக்குப் பயன்படும் மின்னணுத் தராசுக்கு ஒவ்வோர் ஆண்டும் மறுமுத்திரை போட வேண்டும். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறையின் கீழுள்ள எடையளவுப் பிரிவு பார்க்கிறது. பாசியை எடை போட்டுப் பணம் கொடுக்கும் இடமென்றால் இந்தச் சான்று கண்ணில் படும்படி இருக்க வேண்டும். தேதி முடிந்திருந்தால் எடை எழுதத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, வெப்பமானி, சிறு தராசு போன்றவற்றின் அளவுத்திருத்தச் சான்றிதழ். கேலிபரேஷன் சான்றிதழ் என்றே எல்லோரும் கேட்பார்கள். என்.ஏ.பி.எல். என்ற தேசிய அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்றிதழில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று திருத்தம், அதாவது கருவி காட்டுவதோடு கூட்ட வேண்டிய அளவு; மற்றது ஐயப்பாடு, அதாவது உண்மை மதிப்பு எவ்வளவு முன்னே பின்னே இருக்கலாம் என்பது. ஐயப்பாடு 0.3 டிகிரி என்று இருந்தால், அந்த வெப்பமானியின் அளவை இரண்டாம் தசம இடம் வரை எழுதுவதற்கு வழியே இல்லை.

கட்டணம் கருவிக்குத் தனித்தனியாக வரும், கூரியர் செலவு அதற்கு மேல். கருவி போய்த் திரும்பும் வரை மாற்றுக் கருவி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். ஆடி மாதம் கச்சான் காற்றில் தென்கடல் கொந்தளித்துப் படகு இறங்காத நாட்கள் வரும். உங்கள் வேலை மன்னார் வளைகுடா பக்கம் என்றால் கருவிகளை அனுப்ப அதுதான் தோதான சமயம். பாக் நீரிணை பக்கம் வேலை செய்பவர்களுக்கு அப்போது கடல் அமைதியாக இருக்கும். அவர்கள் வாடைக் காற்று வீசும் மாதங்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, நீங்களே தயாரிக்க வேண்டிய தாள். களத்தில் நிரப்பும் படிவத்தின் தலைப்பில் கருவியின் பெயர், மீச்சிற்றளவு, முத்திரை அல்லது சான்றிதழ் தேதி, அன்று காலை பார்த்த சுழிப்பிழை (எதையும் அளக்காதபோதே கருவி காட்டும் அளவு) ஆகிய நான்குக்கும் இடம் விடுங்கள். ஒரு பக்க ஜெராக்ஸ் செலவுதான். இந்த நான்கும் இல்லாத தாளை ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால், 34 என்று எழுதியது 34தானா, 34.0ஐச் சுருக்கி எழுதியதா என்று எவராலும் சொல்ல முடியாது.

3. அளவைப் படிக்கும்போது

கோடு போட்ட கருவி என்றால் இரண்டு கோடுகளுக்கு நடுவே பாதியைக் கண்ணால் மதிப்பிடலாம். போமே மானி 24க்கும் 25க்கும் நடுவில் நின்றால் 24.5 என்று எழுதலாம். 24.3 என்று எழுத வேண்டாம். உப்பளத்துக் காற்றில் பாத்தித் தண்ணீர் ஆடும்போது அந்த 3 உங்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. பாத்தியில் மானியை நேரே விடாமல் நீளமான குவளையில் தண்ணீரை மொண்டு, நிழலில் வைத்து, நீர்மட்டத்தின் அடிப்பகுதியை நேர்கோட்டில் பாருங்கள். தண்ணீரின் வெப்பநிலையையும் பக்கத்திலேயே எழுதுங்கள். சூடான நீரில் மானி கொஞ்சம் ஆழமாக இறங்கும், டிகிரி குறைத்துக் காட்டும். சாதாரண உப்பு படியத் தொடங்குவது 25 டிகிரிக்குச் சற்று மேலே. அந்த இடத்தில் அரை டிகிரி என்பதே பெரிய செய்தி.

எண் திரை உள்ள கருவி என்றால் திரையில் இருப்பதை அப்படியே எழுதுங்கள். 12.50 என்று காட்டினால் 12.50 என்றே எழுதுங்கள். அந்தச் சுழியம் கருவி பார்த்துச் சொன்னது. அதை விட்டுவிட்டால், பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுதியதாகிவிடும். கடைசி இலக்கம் ஓடிக்கொண்டே இருந்தால் காற்றை மறைத்துக்கொண்டு மூன்று முறை பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டால் ஓர் இலக்கம் குறைத்து எழுதி, ‘காற்று’ என்று ஓரத்தில் குறியுங்கள்.

பாசி நிறுக்கும்போது கருவியைவிடப் பொருள்தான் அதிகம் ஏமாற்றும். மண்டபம் பக்கம் பலரும் பெப்சி பாசி என்று சொல்லும் கப்பாபைகஸ் கடலிலிருந்து தூக்கியதும் தண்ணீரைச் சொட்டிக்கொண்டே இருக்கும். கூடையைத் தராசில் வைத்தவுடன் நான் பேனாவை எடுத்தபோது, பாசி வளர்க்கும் அக்கா ஒருவர் கையை நீட்டித் தடுத்தார். “தண்ணி வடியட்டும் தம்பி, இப்பவே எழுதாத” என்றார். திரையில் எண் கண் முன்னாலேயே இறங்கிக்கொண்டிருந்தது. பத்து கிராம் வரை காட்டும் தராசில், அரைக் கிலோ தண்ணீர் சொட்டும் கூடையை வைத்து இரண்டு தசம இடம் எழுதுவதில் எந்தப் பயனும் இல்லை. எல்லாக் கூடைக்கும் ஒரே அளவு நேரம் வடியவிடுங்கள். அந்த நேரத்தைத் தாளின் தலைப்பில் எழுதுங்கள்.

நண்டும் அப்படித்தான். உயிருள்ள நீலக்கால் நண்டின் ஓட்டு அகலத்தை முள்நுனிக்கு முள்நுனி வெர்னியரால் அளக்கும்போது ஒரே நண்டு 112.4, 113.3, 112.1 மில்லிமீட்டர் என்று மூன்று விதமாக வரலாம். கருவி 0.1 வரை பார்க்கிறது, ஆனால் நண்டு அதற்கு ஒத்துவரவில்லை. சராசரி 112.6. பதிவேட்டில் 113 மில்லிமீட்டர் என்று எழுதினால் போதும்.

4. எந்தச் சுழியம் கணக்கில் வரும்?

இதில்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முன்னால் வரும் சுழியம் கணக்கில் வராது. 0.0034 கிலோவில் இரண்டு எண்ணுருக்கள்தான். அதை 3.4 கிராம் என்று மாற்றிப் பாருங்கள், புரிந்துவிடும். நடுவில் மாட்டிய சுழியம் எப்போதும் கணக்கில் வரும்: 1.02 என்பதில் மூன்று. தசமப் புள்ளிக்குப் பின் கடைசியில் வரும் சுழியமும் வரும்: 12.50 என்பதில் நான்கு.

தொல்லை தருவது புள்ளி இல்லாத முழு எண்ணின் கடைசிச் சுழியங்கள். ‘உப்பு 2000 கிலோ’ என்று எழுதியிருந்தால், அது எடைமேடையில் கிலோ கணக்கில் பார்த்ததா, மூட்டையை எண்ணி உத்தேசமாகப் போட்டதா? தெரியாது. உத்தேசம் என்றால் 2 டன் என்று எழுதுங்கள். பத்து கிலோ வரை பார்த்தது என்றால் 2.00 டன். அலகை மாற்றுவதால் எண்ணுருக்கள் கூடவோ குறையவோ கூடாது.

எண்ணிப் பார்த்தவை இந்தக் கட்டுப்பாட்டில் வராது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில் 21 தீவுகள் என்பதில் ஐயப்பாடு கிடையாது. ஒரு தெப்பத்தில் 20 கயிறு என்றால் அது சரியாக இருபதுதான். வரையறுத்து வைத்த மாற்று எண்களும் அப்படியே. ஓர் அடி என்பது சரியாக 0.3048 மீட்டர். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் நீளம் 6776 அடி என்று எழுதப்படுகிறது. பெருக்கினால் கால்குலேட்டர் 2065.3248 மீட்டர் என்று காட்டும். அடிக் கணக்கில் நான்கு எண்ணுருக்கள் இருப்பதால் 2065 மீட்டர் என்று நிறுத்த வேண்டும். பாலத்தின் நீளத்தை மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு வரை யாரும் அளந்துவிடவில்லை.

5. கணக்குப் போடும்போது

இரண்டு விதிகள் போதும். கூட்டல் கழித்தலில் தசம இடத்தைப் பாருங்கள். எந்த எண்ணில் தசம இடம் குறைவோ விடையிலும் அவ்வளவுதான். பெருக்கல் வகுத்தலில் எண்ணுருக்களைப் பாருங்கள். எதில் குறைவோ விடையிலும் அவ்வளவுதான்.

கழித்தலில்தான் பெரிய பள்ளம் இருக்கிறது. பாசியின் உலர் எடையைக் கண்டுபிடிக்க ஈரமான மாதிரி 34.6 கிராம் எடுத்து, தட்டில் வைத்துக் காய வைத்ததாக வைத்துக்கொள்வோம். தட்டும் பாசியும் சேர்ந்து 52.3 கிராம், வெறும் தட்டு 48.9 கிராம். கழித்தால் 3.4 கிராம். மூன்று மூன்று எண்ணுருக்களோடு வந்த இரண்டு எண்கள் இரண்டே எண்ணுருக்களைக் கொடுத்துவிட்டுப் போகின்றன. அடுத்து 3.4ஐ 34.6ஆல் வகுத்தால் கால்குலேட்டர் 0.0982658959 என்று நீட்டும். எழுத வேண்டியது 9.8 விழுக்காடு. அதிலும், உலர் எடை 0.1 கிராம் பிசகினால் விழுக்காடு 0.3 நகர்ந்துவிடும். பாசியை உலர் எடைக்கு விலை பேசும் இடத்தில் இது பணம். இதற்கு வழி, நான்கு தசமம் காட்டும் விலை உயர்ந்த தராசு வாங்குவதல்ல. மாதிரியைப் பத்து மடங்காக எடுங்கள். 346 கிராம் ஈரப் பாசி எடுத்தால் உலர் எடை 34 கிராம் அளவுக்கு வரும், அதே தராசே மூன்று எண்ணுருக்கள் கொடுக்கும். காய ஒன்றிரண்டு நாள் கூடுதலாக ஆகலாம், செலவு ஒன்றுமில்லை.

உப்பளத்தில் இதற்கு நேர்மாறான ஒன்று நடக்கும். போமே டிகிரியை ஒப்படர்த்தியாக (தண்ணீரைப் போல எத்தனை மடங்கு அடர்த்தி என்பதாக) மாற்ற, 145இலிருந்து டிகிரியைக் கழித்து, வந்ததை வைத்து 145ஐ வகுக்க வேண்டும். இந்த 145 வரையறுத்த எண், அதனால் அது எண்ணுருக்களைக் குறைக்காது. கடல்நீர் 3 டிகிரி என்று எடுத்தால் 142, விடை 1.02. ஒரே ஓர் எண்ணுருவோடு உள்ளே போன 3, மூன்று எண்ணுருக்களோடு வெளியே வருகிறது. இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், விதிப்படி சரிதான். ஒரு டிகிரி தவறினாலும் ஒப்படர்த்தி நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மாறும். 24.5 டிகிரிக்குக் கணக்குப் போட்டால் 1.2033 என்று வரும். அரை டிகிரி முன்னே பின்னே போட்டால் 1.198இலிருந்து 1.208 வரை நகர்கிறது. ஆகவே 1.20 என்று எழுதிவிட்டு அடுத்த பாத்திக்குப் போங்கள்.

இந்த முன்னே பின்னே போட்டுப் பார்க்கும் வழக்கத்தைக் கட்டாயம் பழகிக்கொள்ளுங்கள். விதி மறந்துபோன நாளில் அதுதான் காப்பாற்றும். ஒரு மூங்கில் தெப்பத்தில் 60 கிலோ விதைப்பாசி கட்டி, 45 நாளில் 240 கிலோ எடுத்தால், தினசரி வளர்ச்சி வீதம் (240ஐ 60ஆல் வகுத்து, அதன் இயல் மடக்கையை, அதாவது ln மதிப்பை, 45ஆல் வகுத்தது) கால்குலேட்டரில் 3.0806541 விழுக்காடு. விதைப்பாசி உண்மையில் 59 கிலோவாக இருந்தால் 3.12, 61ஆக இருந்தால் 3.04. காலையில் கட்டி மாலையில் அறுத்ததால் அரை நாள் கூடிப்போனாலும் கடைசி இலக்கம் அசையும். இரண்டாம் தசமம் ஆட்டம் காண்பது இப்போது தெரிகிறதல்லவா? 3.1 என்று எழுதுங்கள். கட்டிய தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள்.

6. முழுமைப்படுத்துவது கடைசியில், ஒரே ஒரு முறை

இடையில் வரும் விடைகளில் ஒன்றிரண்டு இலக்கம் கூடுதலாக வைத்துக்கொண்டு, கடைசி விடையை மட்டும் முழுமைப்படுத்துங்கள். சரியாக 5இல் முடிந்தால் பள்ளிப் புத்தக விதி, முந்தைய இலக்கம் இரட்டைப்படை என்றால் விட்டுவிடு, ஒற்றைப்படை என்றால் ஒன்று கூட்டு என்கிறது: 18.35 என்பது 18.4, 19.45 என்பது 19.4. எக்செல்லின் ரவுண்ட் கட்டளை இதைப் பின்பற்றாது, 5 வந்தால் எப்போதும் மேலே ஏற்றும். இரண்டில் எதை வைத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரே தாளில் இரண்டும் கலக்கக் கூடாது, எது என்று தலைப்பில் எழுதியிருக்க வேண்டும்.

7. ஜி.பி.எஸ். எண்கள்

அகலாங்கில் ஒரு டிகிரி ஏறக்குறைய 111 கிலோமீட்டர். அப்படியென்றால் தசம டிகிரியில் நான்காம் இடம் 11 மீட்டர், ஐந்தாம் இடம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். செல்போன் ஏழு எட்டு இடம் காட்டும். ஏழாம் இடம் என்பது ஒரு சென்டிமீட்டர். திறந்த வானத்தின் கீழ் செல்போனின் துல்லியமே சில மீட்டர்தான், படகு வேறு ஆடிக்கொண்டிருக்கும். ஐந்து இடத்தோடு நிறுத்துங்கள். ஐந்தைவிடக் குறைக்கவும் வேண்டாம்.

இதைவிட ஆபத்தான பொறி வேறொன்று. படகுகளில் இருக்கும் ஜி.பி.எஸ். பெரும்பாலும் டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்று காட்டும்படி வைத்திருப்பார்கள். 9 டிகிரி 17.1 நிமிடம் என்பதை அவசரத்தில் 9.171 என்று எழுதிவிட்டால், நீங்கள் நின்ற இடம் 12 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போய்விடும். மண்டபம் கரையில் நின்றவர் மன்னார் வளைகுடாவுக்குள் மிதப்பார். நிமிடத்தை 60ஆல் வகுத்துத்தான் சேர்க்க வேண்டும், சரியான எண் 9.285. இந்தப் பகுதியில் எல்லைக்கோடு எவ்வளவு பக்கம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். படகு நின்ற இடத்தை எழுதும்போது டிகிரி, நிமிடக் குறிகளை விடாமல் எழுதுங்கள்.

8. கணினியில் ஏற்றும்போது

எக்செல்லில் 12.50 என்று தட்டினால் 12.5 என்று சுருக்கிவிடும். தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசைக்குத் தசம இடத்தை நிர்ணயித்துவிடுங்கள். இரண்டு தராசுகளின் எடைகள் ஒரே நெடுவரிசையில் வரக் கூடாது. ஒன்று 10 கிராமும் மற்றது 500 கிராமும் பார்க்கும் தராசாக இருந்தால் எல்லாவற்றுக்கும் இரண்டு தசமம் போட்டுவிடும், 25.5 என்று பார்த்தது 25.50 ஆகிவிடும். மீச்சிற்றளவுக்குத் தனி நெடுவரிசை வையுங்கள்.

கணினியில் ஏற்றிய அன்றைக்கே களத்தாளோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். கூட ஒருவர் வாசிக்க, நீங்கள் திரையைப் பார்த்தால் வேகமாக முடியும். வாசிப்பவர் “பன்னிரண்டு புள்ளி ஐந்து சுழியம்” என்று சுழியத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். மறுநாளைக்குத் தள்ளினால், சந்தேகம் வந்த எண்ணை மறுபடி பார்க்கப் படகு வாடகையும் டீசலும் இன்னொரு முறை ஆகும். பாசியை அதற்குள் அறுத்துக் காயப்போட்டிருப்பார்கள். உப்புக்கறை படிந்த களத்தாளைப் படி எடுத்துவிட்டோம் என்று தூக்கிப் போடாதீர்கள். பேனா மை கரைந்துவிடும் என்பதால் களத்தில் பென்சிலில்தான் எழுத வேண்டும், அழிக்காமல் ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் திருத்த வேண்டும். தாளை வெயிலில் வைக்காமல் காற்றில் உலர்த்தி, போட்டோ எடுத்து, தேதி வாரியாகக் கோப்பில் வையுங்கள்.